பழைய பேட்டைக்குப் போன சனிக்கிழமை

கோயே அடுக்குமாடி,
அடிஸ் அபாபா,
ஹிதார் மாதம் 18

அன்பு மகள் மெக்லித்துக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான் இங்கே சுகமாக இருக்கிறேன், உன்னைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்கிற ஒரு குறையைத் தவிர வேறு குறை கிடையாது, அந்த ஒன்று மட்டும் ஒன்பது வருடமாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நீயும் எட்மண்டனில் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, அந்தப் பனியில் காதை மூடிக்கொண்டு நடக்கிறாய் என்று நம்புகிறேன். என் முழங்கால் முன்னைப்போலத்தான், நாலு மாடி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டும், இறங்கும்போது சும்மா இருக்கும். மழை நின்றுவிட்டது, தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது, பக்கத்துக் கட்டடத்துச் சேவலை யாரோ பண்டிகைக்கு அறுத்துவிட்டார்கள், அதனால் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

போன சனிக்கிழமை உன்னை நட்ட நடு ராத்திரியில் போன் போட்டு எழுப்பி, சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, "ராத்திரி ரெண்டு மணிக்கு எவளாவது சாப்பிடுவாளா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சாம்மா" என்று கத்தினாயே, அதற்குக் காரணம் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் புகுந்து கேள்வி கேட்பாய், முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊராருக்கு லைன் போட்டுக் கொடுத்தவளுக்குத் தெரியும், போனில் முழுக்கதையைச் சொல்லி முடித்தவர் யாருமில்லை. கீழ்வீட்டு மருமகள் உன் ஊருக்கு வருகிறாள், அவள் பெட்டியில் மிளகாய்ப்பொடிக்கும் இதற்கும் இடம் வாங்கிவிட்டேன். நிதானமாக உட்கார்ந்து படி.

முதலில் நம் இடிர் சங்கத்தின் நிலைமையைச் சொல்கிறேன். கெஃபோ பேட்டையை இடித்து நம்மை ஆளுக்கொரு திசையில் அடுக்குமாடிகளுக்கு அனுப்பி இரண்டரை வருடம் ஆகிறது. நூற்று முப்பது வீடு, ஜெமோவில் கொஞ்சம், அராப்சாவில் கொஞ்சம், துலு திம்துவில் கொஞ்சம், கோயேயில் நாங்கள் ஒன்பது வீடு. சாவு விழுந்தால் கொட்டகை போட்டு, பாத்திரம் இறக்கி, மூன்று நாள் துக்கவீட்டை ஒற்றையாக விடாமல் காக்க வேண்டிய சங்கம், இப்படிச் சிதறிப்போய் எப்படிக் காக்கும்? போன மழைக்காலத்தில் முலாத்வா அக்கா போனாளே, அவள் சாவுக்கு வந்தது பதினொரு பேர். கொட்டகை மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அவள் மகன் பதினொரு பேரையும் திரும்பத் திரும்பப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. அதிலிருந்து தலைவர் பெயேனே ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார், சங்கத்தைக் கலைத்துவிடலாம், கொட்டகை, பெஞ்சு, பானை, கோப்பை எல்லாவற்றையும் பங்கு பிரித்துக்கொண்டு அவரவர் புது இடத்துச் சங்கத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று. ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவு செய்வதாக இருந்தது. சங்கம் கலைந்தால் இங்கே எனக்கு என்ன இருக்கிறது, உன்னிடமே வந்துவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், நீயும் எனக்கு அறை பார்த்துத் திரை எல்லாம் வாங்கிவிட்டாய். நான் செத்தால் யார் வருவார் என்கிற பயம்தான் மெக்லித், வேறென்ன. வயதானவளின் பயம் அது ஒன்றுதான்.

எதுவானாலும் கலைவதற்கு முன்னால் பழைய இடத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. இரண்டரை வருடமாக அந்தப் பக்கமே போகவில்லை, போனால் அழுவேன் என்று நினைத்தேன். சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்தேன், கரண்ட் இல்லை, இருட்டில் தடவி என் கரைபோட்ட வெள்ளை நெத்தலாவை எடுத்துப் போர்த்திக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். இரண்டு பஸ் மாறி இறங்கினால், ஐயோ கடவுளே, நான் வேற்றூருக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். ரோடு அப்படி நேராக இருக்கிறது, நம் பேட்டையில் நேராக இருந்த ஒன்று உண்டா சொல். சைக்கிளுக்கு என்று தனியாகப் பச்சை வழி, ஆனால் சைக்கிளைத்தான் காணோம், இரண்டு புறா நடந்துகொண்டிருந்தன. விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் பூ மாதிரி ஐந்து விளக்கு. மாதா கோயில் மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்குக்கூட வெள்ளையடித்து முகத்தை மாற்றிவிட்டார்கள்.

நான் அழவில்லை, கேட்டுக்கொள். எனக்கு எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கோயில் வாசலிலிருந்து இறக்கத்தில் எண்பத்து நாலு அடி, அப்புறம் இடதுகைப்பக்கம் நம் கதவு, உனக்கு நினைவிருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு எண்ணி நடந்தேன், ஒரு நீரூற்றுக்குள் காலை விட்டேன். சந்து வளைந்து போனது, இப்போது ரோடு நேராகப் போகிறது, அதனால் கணக்கு இடித்தது. மறுபடி கோயிலுக்குப் போய், வளைவு இருந்த இடத்தில் வளைந்து எண்ணினேன். செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் குழாயைப் பிடித்தபடி நின்று, "என்னம்மா, ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா" என்று கேட்டார். வீட்டைத் தொலைத்துவிட்டேன் என்றேன், அவர் சிரிக்கவில்லை, பாவம், எங்கே போட்டீர்கள் என்பது மாதிரி கீழே பார்த்தார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். உன் அப்பாவின் கட்டில் கிடந்த இடம் சைக்கிள் வழி. நம் சமையல்கட்டு ஊதாப்பூப் பாத்தி, மிதிக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறது. முப்பது வருடம் நான் மிதித்த தரை!

அப்புறம் ரோட்டோரம் புதிதாக எழுப்பியிருக்கிற கண்ணாடிக் கட்டடத்துக்குள் போய், தானாக ஏறும் படியில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். மேலே ஒரு காபிக்கடை, கோப்பை என்ன விலை என்று கேட்டேன், உதட்டுச்சாயம் போட்ட பெண் சொன்னாள், சரிம்மா நல்லாயிரு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கீழே பொதுக் கழிப்பிடம் கட்டியிருக்கிறார்கள் பார், பளபளவென்று, தண்ணீர் வருகிறது, கண்ணாடி இருக்கிறது. நம் பேட்டையில் பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு குழி, மழைக்காலத்தில் நாம் பட்ட பாட்டை எண்ணிப் பார். தேவையே இல்லாமல் இரண்டு தரம் போய்வந்தேன். நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும், இவ்வளவும் செய்யத் தெரிந்தவர்களுக்கு நம்மையும் இங்கேயே ஒரு மூலையில் வைக்கத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம், அதையும் சொல்ல வேண்டும்.

வெயில் உச்சிக்கு வரும்போது சமையல்கட்டுப் பாத்திக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து வறுத்த பார்லியைக் கொறித்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் எதிரே நூரியா வருகிறாள்! ஆமாம், நம் பின்வீட்டு நூரியா, அராப்சாவில் இருப்பவள். கையில் இஞ்செரா சுடுகிற மாவு காய்ந்து ஒட்டியிருக்கிறது, செருப்பு ஒன்று ஒரு நிறம், மற்றது வேறு நிறம். அடடா என்ன அதிசயம், நீயும் பார்க்க வந்தாயா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் என் வலதுபக்கம் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நம் பேட்டைத் திங்க்நெஷ் வந்தாள், கண்ணாடிக் கட்டடத்துப் பின்வழியில் காபிக் கடை போட்டிருக்கிறாளாம், எனக்கு அதுவரை தெரியாது. அவளும் பேசாமல் இடதுபக்கம் உட்கார்ந்து என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். டாக்ஸி ஓட்டும் கசாயே வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிவந்தான், வண்டிக்குள் முன்பின் தெரியாத இரண்டு பேர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் நாலு பேர், ஏழு பேர், பஸ் நிற்கும்போதெல்லாம் நம் ஆட்கள். ஒருவரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. இரண்டு ஆண்கள் என் முதுகுப்பக்கம் போய் நின்றார்கள்.

அப்போதுதான் மெக்லித், எனக்குப் புரிந்தது. நீ அங்கே போய் மறந்திருப்பாய், செத்த சேதியை நாம் ஒற்றை ஆளாகப் போய்ச் சொல்வதில்லை. எல்லாரும் கூடி வந்து, வாயைத் திறக்காமல் சுற்றி நின்று, கீழே விழாமல் பிடிக்க ஆள் வைத்து, கண்ணாடியைக் கழற்றி, அப்புறம்தான் பெரியவர் ஒருவர் சொல்வார். நானே எத்தனை பேருக்கு வலதுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா போய்விட்டார், கூடப்பிறந்தவர் யாருமில்லை. எனக்கு என்று சேதி வர இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் பாக்கி. நீ போன் செய்து அன்றைக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. கேட்கவும் வாய் வரவில்லை, கேட்டால்தானே சொல்வார்கள், கேட்காதவரை நீ உயிரோடு இருப்பாய் என்று பார்லியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தேன்.

அவர்களும் ஏதோ எதிர்பார்த்து நிற்கிறார்கள், நானும் நிற்கவைத்துக்கொண்டிருக்கிறேன், கால்மணி நேரம் ஆகியிருக்கும். பெயேனே ஒரு மினிபஸ்ஸின் தலைமேல் கொட்டகையைக் கட்டி ஜெமோவிலிருந்து வந்து இறங்கினார், கம்பிகளை ஊதாப்பூப் பக்கத்தில் கடகடவென்று போட்டார். உடனே பூங்காக் காவல்காரர் விசிலை ஊதிக்கொண்டு வந்து, "பெரியவரே, இங்க கொட்டகை போடக்கூடாது, கல்லு பேந்துபோச்சுன்னா என் சம்பளத்துல புடிப்பாங்க, எடுங்க எடுங்க" என்றார். பெயேனே விடுவாரா, "எங்க மண்ணுல நாங்க துக்கம் இருக்குறதுக்கு உங்கிட்ட சீட்டு வாங்கணுமா" என்று எகிறினார். காவல்காரர் கொஞ்சம் இறங்கிவந்து, "துக்கமா? ஐயோ, சரி, யாரு செத்தது" என்று கேட்டார். "செத்த வீட்டுக்காரிய வெச்சிக்கிட்டே கேக்குறியே, உனக்கு அறிவிருக்கா" என்றார் பெயேனே. "அறிவு இருக்குங்க, பேருதான் தெரியல, சொல்லுங்களேன்" என்றார் அவர்.

எல்லாரும் உப்ஷெத் அண்ணனைப் பார்த்தார்கள். விடியற்காலையில் கொம்பு ஊதிக்கொண்டு சந்து சந்தாகச் சாவு சொல்லிப் போவாரே, அதே உப்ஷெத்தான். அவர் திங்க்நெஷ்ஷைப் பார்த்தார். திங்க்நெஷ் என்னைப் பார்த்தாள். என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது, "எம் பொண்ணா" என்று. அவ்வளவுதான், நூரியா "ஐயோ, உம் பொண்ணா யெஷி, அந்தத் தங்கமா போச்சு" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒரு கூச்சல் போட்டாள் பார், அவள் அழுததைக் கேட்டு நான் நிஜம் என்று சரிந்தேன், நான் சரிந்ததைப் பார்த்து அத்தனை பேரும் கத்திவிட்டார்கள். சைக்கிள் வழியில் இருந்த புறா இரண்டும் பறந்துவிட்டன.

திங்க்நெஷ்தான் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இந்த சேதிய உனக்கு யாருடி சொன்னா, ஒத்தையில இருக்கும்போது எவன் சொன்னான்" என்று கேட்டாள். "நீங்கதானே இப்ப சொல்றீங்க" என்றேன். "நாங்க எங்க சொன்னோம்? உன் நெத்தலாதானே சொல்லுச்சு" என்றாள். அழுகை ஒவ்வொரு ஆளாக நின்றது. நான் குனிந்து பார்த்தேன். நெத்தலாவின் கரை கீழே தொங்காமல் மேலே, கழுத்தைச் சுற்றி இருக்கிறது. துக்கத்துக்குப் போடுகிற மாதிரி! முந்தின நாள் எங்கள் கட்டடத்தில் ஒரு சாவுக்குப் போய்விட்டு வந்து அப்படியே ஆணியில் மாட்டியிருக்கிறேன், இருட்டில் அப்படியே எடுத்துப் போர்த்தியிருக்கிறேன். காலையில் நான் கரையை மேலே போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வாயில் ஏதோ முணுமுணுத்தபடி நீரூற்றுக்குள் இறங்குவதைத் திங்க்நெஷ் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். யெஷிக்குத் துக்கம் வந்து புத்தி பேதலித்துவிட்டது, ஒற்றையாகப் போய்க் கேட்கக்கூடாது என்று உப்ஷெத்துக்குப் போன் செய்திருக்கிறாள். அவருக்கு எழுத வராது, போனில் முதலில் கொம்பை ஊதிவிட்டு, "கெஃபோ பேட்டைக்காரங்களே, நம்ம யெஷி வீட்டுல துக்கம், பழைய எடத்துல ஒத்தையா நிக்கிறா" என்று பேசி எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். பஸ்ஸில், சந்தையில், ஒரு கல்யாணப் பந்தியில் என்று எழுபது பேர் போனிலும் கொம்பு ஊதியிருக்கிறது.

இதெல்லாம் தெரிந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உன் குரலைக் கேட்க வேண்டும். உன் நம்பர் எனக்கு மனப்பாடம், ஆனால் மூன்று தரம் தப்பாக அடித்தேன், நாலாவது தரம் நூரியா அடித்தாள். போன் ஏழு தரம் மணி அடித்தது மெக்லித். ஏழு. எட்டாவதில் நீ எடுத்தாய், எனக்குச் சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. நூரியா கைபட்டு ஸ்பீக்கர் வேறு வந்துவிட்டது, நீ என்னைத் திட்டிய திட்டை எழுபது பேரும் கேட்டார்கள். பின்னால் டிவியைக் குறை என்று சொன்னாயே, அது டிவி இல்லையடி, பெண்கள் போட்ட குலவை.

அப்புறம் என்ன, வந்தவர்கள் திரும்பவா போவார்கள். திங்க்நெஷ் காபி வறுத்தாள், மூன்று சுற்று போயிற்று, காவல்காரரும் உட்கார்ந்து குடித்தார், கசாயேயின் பயணிகள் இரண்டு பேரும் இறங்கிவந்து குடித்தார்கள். நான் நெத்தலாவைக் கழற்றி உப்ஷெத்தை நாலு அடி அடித்தேன், "விசாரிக்காம கொம்பு ஊதுவியா" என்று. அவர் சிரித்துக்கொண்டே, "நீ செத்தா விசாரிச்சிட்டு ஊதுறேன் யெஷி" என்றார். பெயேனே மட்டும் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எழுபத்து மூன்று. முலாத்வாவுக்குப் பதினொரு பேர் வந்த ஊரில் சாகாத ஆளுக்கு எழுபத்து மூன்று பேரா என்று கேட்டார். ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள், கசாயே சொன்னதுதான் சரி. "முலாத்வா அக்கா வீட்டுக்கு நானே ரெண்டு மணி நேரம் அலைஞ்சேன், எல்லாக் கட்டடமும் ஒண்ணுபோல இருக்கு, நம்பர் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்து வீட்டுக்குத் திரும்பிட்டேன். இங்க வர எவனுக்காச்சும் வழி சொல்லணுமா?" என்றான். ஆமாம், சந்து போயிற்று, வீடு போயிற்று, ஆனால் எந்தக் கோடியிலிருந்து கிளம்பினாலும் நம் ஆட்களின் கால் இங்கே தானாக வந்து நிற்கிறது.

மறுநாள் கூட்டத்தில் அதையே சட்டமாக்கிவிட்டோம். இனிமேல் எங்கே சாவு விழுந்தாலும், முதலில் எல்லாரும் பழைய இடத்தில், திங்க்நெஷ் கடையில் கூட வேண்டும், அங்கிருந்து ஒரே வண்டியில் கொட்டகையோடு துக்கவீட்டுக்குப் போக வேண்டும். பாத்திரம் பங்குபிரிக்க எழுதிவைத்திருந்த தாளைப் பெயேனே நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சங்கம் கலையவில்லை மகளே. உனக்குக் கொடுத்த வாக்கின்படி பார்த்தால் நான் வர வேண்டியதில்லை.

ஆனால் வருகிறேன். ஏன் என்று சொல்கிறேன் கேள். உன் போன் அந்த ஏழு தரம் மணி அடித்தபோது எனக்கு ஓடிய எண்ணம் ஒன்றுதான். நீ எடுக்காவிட்டால் நான் அடுத்து யாருக்குப் போன் செய்வேன்? அந்த ஊரில் உன்னைத் தவிர இன்னொரு நம்பர் எனக்குத் தெரியாது, ஒரு பெயர்கூடத் தெரியாது. ஒன்பது வருடம் அங்கே இருக்கிறாய், எதிர்வீட்டில் யார் என்று போன வருடம் கேட்டேன், யாரோ ஒரு அம்மா, நாய் வைத்திருக்கிறாள் என்றாய். நாய் பெயராவது தெரியுமா என்றதற்குச் சிரித்தாய். நான் செத்தால் யார் வருவார் என்று இரண்டரை வருடம் பயந்தேனே, அது வீண் பயம், கரையை மாற்றிப் போட்டதற்கே எழுபத்து மூன்று பேர் வந்தார்கள். உனக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவார்? இதை நான் ஒருநாளும் யோசிக்கவில்லையே, என்ன அம்மா நான். பெஞ்சில் எனக்கு வலதுபக்கம் ஒருத்தி, இடதுபக்கம் ஒருத்தி, பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். உன் இரண்டு பக்கமும் காலியாக இருக்கிறதே என்று நினைத்து அன்றைக்கு வீட்டுக்கு வந்துதான் நான் அழுதேன். அதனால் ஈஸ்டர் முடிந்ததும் மூன்று மாதத்துக்கு வருகிறேன், திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே போடு, சங்கத்தில் சொல்லிவிட்டேன். வந்து உன் கட்டடத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டப்போகிறேன், பாஷை தெரியாவிட்டால் என்ன, காபி வறுத்தால் வாசனைக்கு வரமாட்டார்களா.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கைபட்ட வேலையெல்லாம் துலங்கட்டும், என் ஆயுசில் பாதியை உனக்குக் கொடுக்கட்டும். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நட. பெரிய பை மிளகாய்ப்பொடி உனக்கு. அதோடு துணியில் சுற்றி ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது, வறுத்த பார்லி, அதை நீ பிரிக்காதே, உனக்கில்லை. இந்தக் கடிதம் படித்து முடித்த கையோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, அம்மா கொடுத்தனுப்பினாள் என்று சொல்லிக் கொடு. அந்த அம்மாவின் பெயரையும் போன் நம்பரையும் வாங்கி எனக்கு அனுப்பு.

உன் அம்மா,
யெஷிமெபெத்